கேட்லெட் வீட்டு செப்டம்பர் இரண்டு

அலபாமாவின் பெல் கிரீக் ஊரில், மில் தெருவில் உள்ள ஹோயிட் கேட்லெட்டின் வீட்டில் மட்டும் 2023ஆம் ஆண்டின் செப்டம்பர் இரண்டாம் தேதி இன்னும் முடியவில்லை. அங்கே விடியும், இருட்டும், மறுபடியும் விடியும். ஆனால் விடிவது அதே சனிக்கிழமைதான். டிசம்பரில் தெரு முழுவதும் உறைபனியில் கிடக்கும்போது அந்த வேலிக்குள் அத்தி பழுத்துக் குளவி மொய்த்துக்கொண்டிருக்கும். கடிதம் கொண்டுவரும் தபால்காரருக்கு வேலிக்கு மேல் நீட்டுகிற கை மட்டும் வியர்க்கும். இதற்குக் காரணம், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் விதிக்குழு என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் ஊரில் மழை பொய்த்தாலும் விதிக்குழுதான் காரணம்.

பெல் கிரீக்கின் மக்கள்தொகை பதினோராயிரம். கல்லூரி மைதானத்தில் முப்பதாயிரம் பேர் உட்காரலாம். இதிலிருந்தே ஊரின் புத்தியை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். அணியின் பெயர் ஆமைகள். சட்டை, தொப்பி, காரின் கண்ணாடி, சவப்பெட்டியின் உள்துணி என எல்லாவற்றிலும் ஆமை உண்டு. கோல் கம்பங்களுக்கு இடையே இருந்த அகலத்தைக் குறைத்தபோது ஆட்டம் செத்துப்போனது என்றார்கள். சமநிலையில் ஆட்டம் முடியக் கூடாது, யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டும் என்று விதி வந்தபோது, பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பெரிய ஆண்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். தலையால் மோதினால் வெளியேற்றம் என்றபோது, மோதி மோதித் தன் பிள்ளையின் பெயரையே மறந்துபோன பழைய வீரரை மேடையில் ஏற்றி அந்த விதியைக் கண்டிக்க வைத்தார்கள். கண்டிக்க வந்த விஷயமும் அவருக்கு மறந்துவிட்டது. இப்படிப் பதினான்கு முறை ஆட்டம் செத்திருக்கிறது. பதினான்கு முறையும் அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மைதான வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துப் பன்றி விலா சுட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஹோயிட் கேட்லெட் முப்பத்தொரு வருடமாக மைதானக் கடிகாரத்தை ஓட்டியவர். ஒரு அணி பத்து கஜம் முன்னேறியதும் பொத்தானை அழுத்திக் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். கோட்டோரம் பத்து கஜம் அளக்கும் சங்கிலி பிடிப்பவர்கள் அதை நகர்த்தி வைத்ததும் ஓட விட வேண்டும். இதுதான் வேலை. இந்த வேலைக்கே அவருக்கு ஊரில் போதகருக்கு அடுத்த மரியாதை இருந்தது. ஒவ்வொரு விதி மாற்றத்துக்கும் விதிக்குழுவுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நன்றி தெரிவித்து ஒரே மாதிரி அச்சடித்த அட்டை வந்தது. அவர் மனைவி வெர்னா நாற்பது வருடமாக ஒரே இருக்கையில், இருபதாவது வரிசையில் உட்கார்ந்து, ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவர். அந்த வருடம் மே மாதம் அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளின் வான்கோழியை அவர் பார்க்கமாட்டார் என்று மருத்துவர் ஹோயிட்டிடம் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார். ஹோயிட் தலையசைத்துவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்து, சாவி போடாமலே ஒரு மணி நேரம் இருந்தார்.

அந்தக் கோடையில்தான் புதிய விதி வந்தது. பத்து கஜம் முன்னேறினாலும் இனி கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் நிற்கும். ஆட்டம் நீளமாகிவிட்டதாம், குறைக்க வேண்டுமாம். ஆட்டத்துக்கு ஏழு நிமிடம் குறையும் என்று செய்தித்தாள் எழுதியது. ஊர் கொதித்தது. அந்த ஏழு நிமிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. சங்கிலி நகரும், ஆட்கள் மூச்சு வாங்குவார்கள், பக்கத்தில் இருப்பவர் வேகவைத்த வேர்க்கடலையை நீட்டுவார். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். எல்லாரையும் விட உரக்கச் சொன்னவர் ரசிகர் மன்றத் தலைவர் ரேண்டல் டிட்மோர், டயர் கடைக்காரர். கடைசிக் கால் பகுதி தொடங்கும் முன்பே, வண்டி நெரிசலுக்குப் பயந்து பத்தொன்பது வருடமாக எழுந்துபோகும் மனிதர் அவர். அவர் மட்டும் என்று சொல்வது நியாயமில்லை; பாதி மைதானம் அவர் பின்னால் போகும். ஆகஸ்டில் அவருடைய கறியடுப்பைச் சுற்றி நின்றவர்கள் முன்னால் ஹோயிட் சத்தியம் செய்தார்.

"இந்தக் கட்டைவிரல் எங்கிட்ட இருக்கிற வரைக்கும் பத்து கஜத்துக்குக் கடிகாரம் நிக்கும். எவன் வந்து என்ன பண்றான்னு பாத்துருவோம்."

செப்டம்பர் இரண்டாம் தேதி, முதல் ஆட்டத்தில், லீக் அனுப்பிய அதிகாரி ஒருவர் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பத்து கஜத்துக்கே ஹோயிட்டின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. அதிகாரி அந்தக் கையை மரியாதையாகத் தூக்கி அவர் மடியில் வைத்தார். ஆட்டம் முடியும்வரை இதே வேலையாக இருந்தது. ஆமைகள் 24–20 என்று ஜெயித்தார்கள். ஏழு நிமிடம் குறைந்தது. ஹோயிட் முகத்தில் ஈயாடவில்லை; நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வீட்டுத் தொலைக்காட்சியில் சனிக்கிழமை ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வாரமாகக் கஞ்சிகூடத் தங்காத வெர்னா, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு முட்டை கேட்டார். திங்கட்கிழமை தெருவில் குப்பை வண்டி வந்தது; வேலிக்குள் சனிக்கிழமை. ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. கசாப்புக்காரர் வீட்டுக்கு எலும்பு போவது போல, வெட்டிய நேரம் கடிகாரக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் லமார் பூன், ஏழு நிமிடத்தை முப்பதாயிரம் பேரால் பெருக்கி, ஒரு ஆட்டத்துக்கு நூற்று நாற்பத்தாறு நாள் என்று சொன்னார். வருடத்துக்கு ஏழு ஆட்டம் சொந்த மைதானத்தில் நடக்கும்; செலவைவிட வரவு அதிகம். வெர்னா ஒருமுறை வேலியைத் தாண்டித் தபால் பெட்டிவரை போகப் பார்த்தார். காலை வெளியே வைத்ததும் முட்டி மடங்கி, உதடு நீலமாகிவிட்டது. ஹோயிட் அவரை உள்ளே இழுத்ததும் சரியாகிவிட்டார். அதன் பிறகு அவர் வேலியைத் தாண்டவில்லை.

இதில் சந்தோஷப்படலாம் என்று வேறு ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊரில் தோன்றவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களும் வெளியூரில் நடந்து, மூன்றிலும் தோற்றதால் எரிச்சல் வேறு சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை தேவாலயத்து உணவுக்கூடத்தில் மன்றம் கூடியது. டிட்மோர் எழுந்து, மிகவும் நியாயமான குரலில் பேசினார்.

"ஹோயிட்டு, தப்பா நெனச்சுக்காத. வெர்னாக்கா மேல எனக்கு உசுரு. ஆனா அது என் ஏழு நிமிஷம்ப்பா. டிக்கெட் எடுத்து உள்ள போனவன் நான். நீ அத எடுத்துட்டுப் போயி உன் வீட்ல வச்சுருக்க. இந்தச் சனிக்கிழமை ஆட்டம் இல்ல; அடுத்த சனிக்கிழமை நம்ம மைதானத்து ஆட்டத்துக்கு லீக்காரன் வரல, அவன் பொண்ணுக்குக் கல்யாணமாம். நீ பண்ணின சத்தியத்த காப்பாத்து. பழையபடி நிறுத்து."

ஹோயிட் எழுந்து நின்றார். வாழ்நாள் முழுவதும் எந்த மாற்றத்துக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணினேன். அது தப்பு. இது நல்ல ரூலு."

கூடத்தில் இருந்தவர்கள் திருட்டை மன்னித்திருக்கிறார்கள், இரண்டு கள்ள உறவுகளை மன்னித்திருக்கிறார்கள், ஒரு முறை கல்லூரிப் பேருந்தைக் குடித்துவிட்டு ஆற்றில் இறக்கியவரை மறுவருடமே பொருளாளர் ஆக்கியிருக்கிறார்கள். இதை மட்டும் அவர்களால் தாங்க முடியவில்லை. யாரோ "துரோகி" என்றார்கள். ஒரு அம்மாள் அவர் முன்னால் வைத்த கேக்குத் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாருமாகப் போய், வீட்டிலேயே கேட்டு வாங்கிவிடுவது என்று முடிவானது.

நானூற்றுப் பதினேழு பேர் போனார்கள். ஆமைத் தொப்பியோடு, நல்ல உடுப்பில், மேல்கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். அந்தப் பக்கமிருந்து வெக்கை அடித்தது. வெர்னா முன்வாசல் ஊஞ்சலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு நிமிஷந்தான வேணும்? வாங்க, வாங்க. யாரு வேணாம்னா? உள்ள வந்து உக்காருங்க, இங்கதான் இருக்கு. உங்கள்ல ஒரே ஒருத்தர், ஒருத்தர் போதும், ஏழு நிமிஷம் முழுசா உக்காந்து காட்டுங்க. அடுத்த ஆட்டத்துலயே ஹோயிட்டு பழையபடி கடிகாரத்த நிறுத்துவாரு, நானும் இந்த வேலியத் தாண்டி வந்துடறேன். ஆனா மைதானத்துச் சட்டந்தான் இங்கயும். பாதில எழுந்து வெளிய போனா, திரும்ப உள்ள விடமாட்டேன்."

ஹோயிட் அவரை வெறித்துப் பார்த்தார். ஒருத்தர் என்கிறாளே என்று திகைத்தார். நானூறு பேரில் ஒரு பிடிவாதக்காரர் இல்லாமலா போவார்? வெர்னா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது வருடமாக இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். இந்த ஊரின் முகங்களைவிட முதுகுகளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாரும் உள்ளே வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். லமார் பூன் கைக்கடிகாரத்தோடு படியில் நின்றார். முதல் நிமிடம் உற்சாகமாகப் போனது. ஒருவர் கோஷம்கூடப் போட்டார். இரண்டாவது நிமிடத்தில் ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்தார்கள். அதில் செப்டம்பர் இரண்டாம் தேதியின் செய்திதான் இருந்தது. வெளியே ஞாயிற்றுக்கிழமை மதியத் தொழில்முறை ஆட்டங்கள் தொடங்கியிருந்தன. வேலிக்குள் ஒரு புள்ளிகூட எட்டவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம் என்றால், பக்கத்தில் இருப்பவர் அலுப்பானவர் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். வெர்னா வேர்க்கடலைக் கிண்ணத்தை அனுப்பினார். நாலு பேர் எடுத்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் முதல் ஆள் எழுந்து பின்பக்கப் புல்லைத் தட்டினார். அவருக்காகவே காத்திருந்ததுபோல ஐம்பது பேர் எழுந்தார்கள். நான்காவது நிமிடத்தில் வேலிக்கதவில் நெரிசல். ஆட்டத்தின் உயிர் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் என்று கண்ணீர் விட்டவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் மூன்று பேர் மிச்சம். அதில் இரண்டு பேர் கணவன் மனைவி. யார் முதலில் எழுந்திருப்பது என்பதில் அவர்களுக்குள் ஏதோ தகராறு. அதுவும் தீர்ந்து போய்விட்டார்கள்.

டிட்மோர் உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு நிமிடம் என்றார் லமார். ஹோயிட் கண்ணை மூடிக்கொண்டார். பல வருடத்துக்குப் பிறகு மனதார ஜெபித்தார், ஆமைகளுக்காக இல்லை. ஆறு நிமிடம் இருபது நொடி. ஆறு நிமிடம் நாற்பது நொடி. அப்போது தெருவில் ஒரு வண்டி உறுமியது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் வரிசையாக எல்லாம். டிட்மோரின் இடது கால் ஆடத் தொடங்கியது. அவர் தலை வேலிப் பக்கம் திரும்பியது. வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். முன்னால் இருபது வண்டி போய்விட்டால் பாலத்தில் மாட்டிக்கொள்வார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. இப்பக் கெளம்பினாத்தான் சரி" என்று சொல்லிவிட்டு ஓடினார். லமார் கடிகாரத்தைப் பார்த்து, ஆறு நிமிடம் ஐம்பத்தொரு நொடி என்று அறிவித்தார். இந்தக் கூட்டத்தில் அது சாதனைதான். ஹோயிட் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெர்னா மிச்ச வேர்க்கடலையை உரித்துத் தின்றார்.

நன்றித் திருநாள் வந்தது, போனது. மருத்துவர் வந்து பார்த்தார். வெர்னாவின் நாடி, எடை, கட்டியின் அளவு எல்லாம் செப்டம்பர் இரண்டாம் தேதி இருந்தபடியே இருந்தன. மருத்துவர் ஒரு பாட்டில் அத்திப்பழ ஜாமை வாங்கிக்கொண்டு மேல்கோட்டைப் போட்டபடி வெளியே போனார். வசந்தத்தில் விதிக்குழு, ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன்னால் ஓர் இடைவேளை என்று இன்னொரு விதியை அறிவித்தது. ஆட்டம் பதினாறாவது முறையாகச் செத்தது. டிட்மோர் தலைமையில் புதிய கண்டனக் குழு அமைந்தது. ஏழு நிமிடத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. ஊரில் தேதி கேட்டால், இங்கேயா கேட்லெட் வீட்டிலா என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஹோயிட்டை மன்னிக்கவில்லை, ஆனால் வணக்கம் சொல்கிறார்கள். வெர்னா அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. நான்கு தெரு தள்ளி எழும் கூச்சல் அந்த வேலிக்குள் வராது. வீடு திரும்பும் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, 45–3 என்று தோற்றுவிட்டு டிட்மோர் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த வழியாக நடந்து வந்தார். வெர்னா வேலியோரம் நின்றிருந்தார்.

"என்னப்பா ரேண்டல், என்ன ஆச்சு?"

"கேக்காதீங்கக்கா. இந்த வருஷம் ஒம்போதாவது தோல்வி."

"அப்பிடியா? எங்க பக்கம் ஒரு ஆட்டம் ஆடிருக்கோம், ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்கோம்."

திரும்ப உள்ளே விடமாட்டேன் என்றிருந்த வெர்னா, வேலிக்கதவைத் திறந்து பிடித்தார். டிட்மோர் மேல்கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.