பாடகருக்குத் தெரிந்தவர்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. தங்கையின் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். அது வரவில்லை. அதனால் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'புகழ் என்னும் பெருங்கடலின் கரையில் நின்று' [வேண்டாம். அடுத்து அலை வரும், நுரை வரும்.]

இரண்டாம் தொடக்கம்: மாப்பிள்ளை சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர்.

இதுவே இருக்கட்டும்.

2

அவருக்கு ஒரு பாடகரைப் பிடிக்கும். பிடிக்கும் என்றால் [உவமை யோசித்தேன், அகப்படவில்லை]. பாடகர் இணையத்தில் போடும் தன் ஒவ்வொரு படத்துக்கும் கீழே மாப்பிள்ளை எழுதினார்: 'காலரை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்கணும் தம்பி. அப்பத்தான் சுருக்கம் விழாது.' ஏழு மாதம், தினமும். மற்றவர்கள் இதயம் போட்டார்கள். இவர் அக்கறை காட்டினார்.*

ஒரு நாள் பாடகர் இவரை பிளாக் செய்துவிட்டார்.

* அக்கறைக்கும் நச்சரிப்புக்கும் உள்ள வித்தியாசம் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. தங்கை படித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றாள். எடுத்துவிட்டேன்.

3

உடைந்துபோவார் என்று நினைத்து, 'அவர் கண்களில்' என்று எழுதத் தொடங்கியிருந்தேன். ஆள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"முப்பது லட்சம் பேர் ஃபாலோ பண்றாங்க மச்சான். அதுல ஒருத்தனையாவது அவருக்குத் தெரியுமா? என்னைத் தெரியும். தெரியாதவனை யாராவது பிளாக் பண்ணுவாங்களா?"

இந்த வாதத்தில் ஓட்டை தேடினேன். இன்னும் தேடுகிறேன்.

இரண்டு வருடம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனைத் திறந்து, பிளாக் ஆனதால் வெறுமையாகிவிட்ட பாடகரின் பக்கத்தைக் காட்டினார். முதலாளியே இவரை, பாடகருக்குத் தெரிந்தவர் என்றுதான் அறிமுகம் செய்வார். தங்கை மட்டும் மசியவில்லை.

"நானும் இவரை பிளாக் பண்ணிடறேன்ணா. அப்பவாவது எனக்கு இவரைத் தெரியும்னு நம்புவார்."

4

போன வாரம் வந்தது வினை. மேடையேறிப் பத்தாண்டு நிறைந்ததை ஒட்டிப் பாடகர் பெருந்தன்மையோடு அறிவித்தார்: தான் பிளாக் செய்த நாற்பதாயிரம் பேரையும் மன்னித்து விடுவித்துவிட்டாராம்.

நாற்பதாயிரம். அந்த எண்ணை மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார். பிறகு பக்கத்தைத் திறந்து, புதுப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். காலரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்று தேற்றினேன். வேறு எவனோ தேய்த்திருக்கிறான் என்றார்.

கடையில் விஷயம் இன்னும் தெரியாது. தெரிவதற்குள் மறுபடி பிளாக் ஆகியாக வேண்டும். குறை சொல்லவோ காலரில் சுருக்கமும் இல்லை. அதனால் என்னிடம் வந்தார்.

"எனக்கு அவரைத் திட்ட வாய் வராது மச்சான். உங்களுக்கு அதுதானே தொழில். ஒரே ஒரு வரி."

அந்தப் பாடகரைக் கிண்டல் செய்து நான் பன்னிரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். என்னை அவர் பிளாக் செய்யவில்லை. [இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும்.]

5

முடிவு அ: பாடகர் சட்டையோடு கடைக்கு வருகிறார். [சினிமா.]

முடிவு ஆ: மாப்பிள்ளை திருந்துகிறார். [தங்கையே நம்பமாட்டாள்.]

முடிவு இ: நடந்தது. 'உங்கள் குரல்' என்று ஆரம்பித்தேன். குரலைச் சொல்ல வேண்டாம், பாவம் என்று மாப்பிள்ளை அடித்துவிட்டார். 'உங்கள் முகம்' என்றேன். அதையும் அடித்தார். மிஞ்சியது 'உங்கள்'.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறார், கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு. வாசகரே, உங்களுக்குப் பாடகரைத் தெரியாது. அதனால் கை கூசாது. பாடகர் மனம் நோக வேண்டும், மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது. இடம் விட்டிருக்கிறேன். பார்த்து எழுதுங்கள்; பாடகர் எல்லாவற்றையும் படிப்பாராம்.

உங்கள் ....................