பின்பக்கம் போன கடல் சாமந்தி

1

இந்தக் கதையை ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையிலிருந்து திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து நாலு பேரிடம் சொல்வதற்கு இது மேல்.

அங்கே ஒரு உப்புநீர்த் தொட்டி இருந்தது. உள்ளே பாறை, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். கண்ணாடியில் ஒரு சீட்டு: ‘உள்ளே கடல் சாமந்தி இருக்கிறது, தட்டாதீர்கள்.’ தொட்டி முழுக்கத் தேடியும் சாமந்தியைக் காணோம். வரவேற்பறைப் பெண்ணைக் கேட்டேன்.

“அது பின்பக்கம் போயிடுச்சுங்க. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல தலையை விட்டாத்தான் தெரியும்.”

விட்டேன். தெரிந்தது. தலையை வெளியே எடுப்பதற்குள் என் முறை போய், எனக்குப் பின்னால் வந்தவர் உள்ளே வாயைத் திறந்து படுத்திருந்தார். அடுத்த முறைக்காகக் காத்திருந்தபோது வேறு வேலை இல்லாததால் இந்தக் கதை பிறந்தது. ஆகவே ஆங்காங்கே சுள்ளென்று ஒரு கோபம் தட்டுப்பட்டால் அது என் கடைவாய்ப் பல்லின் கோபம். கதையில் வருகிறவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

(கடல் சாமந்தியைப் பார்த்திராதவர்களுக்கு: பெயர்தான் பூ, ஆள் பிராணி. அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு பாதம், மேலே விரல் விரலாக ஒரு கூட்டம், நடுவில் வாய். கடைக்காரர்கள் அனிமோன் என்பார்கள். கோமாளி மீன் அதற்குள் புகுந்து குடித்தனம் நடத்தும் என்றும் சொல்வார்கள். ‘சொல்வார்கள்’ என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘கடலையே பார்த்திராத ஒரு கூடத்தில் கடல் வந்து உட்கார்ந்திருந்த அந்த —’

விட்டுவிட்டேன். இந்தக் குரலில் ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்தில் யாராவது செத்தாக வேண்டும்.

இரண்டாவது: ‘தண்ணீரில் உப்பு சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. குடும்பத்தில்தான் —’

இதுவும் வேண்டாம். எழுதியவனுக்குச் சாமர்த்தியம் அதிகம் என்று தெரிவதைத் தவிர இதில் ஒன்றுமில்லை.

மூன்றாவது: ஒரு பெரிய துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்துகிறவன் ஒருவன், தன் வீட்டுத் தொட்டிக்கு ஒரு கடல் சாமந்தி வாங்கினான்.

இது இருக்கட்டும். கடையில் அவனை ஜோடனை என்று கூப்பிடுவார்கள். எந்தப் பொம்மை எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கை இடுப்பிலா தொங்கலிலா, எல்லாம் அவன் முடிவு. பொம்மைகள் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. கல்யாணம் ஆகவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் ஆராயவில்லை. நீங்கள் ஆராய்ந்தால் தடுக்கவும் மாட்டேன்.

அவனுடைய அக்கா, தன் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். (கதையை அவன் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வதால் அவனுக்கு அக்கா என்றால் நமக்கும் அக்காதான்.) ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வரிசை ஒன்றைக் கவனித்துக்கொள்பவள். ஜோடனை அவளுக்குத் தெருவைப் பார்த்த நல்ல அறையைக் கொடுத்தான். புதுத் திரை போட்டான். கட்டிலைக்கூட ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழாத கோணத்தில் திருப்பினான். அக்கா ஒரு நாள் படுத்தாள். மறுநாள் மெத்தையை உருட்டி எடுத்துக்கொண்டு போய், கூடத்தில் தொட்டிக்குப் பின்னால், தொட்டிக்கும் பால்கனிக் கதவுக்கும் இடையே இருந்த சந்தில் விரித்துக்கொண்டாள்.

“அங்க ஏன்க்கா? நல்ல ரூம் இருக்கே.”

“தெரியலடா. இங்க தூக்கம் வருது.”

இது ஜோடனைக்கு உறுத்தியது. சோபாவிலிருந்து பார்த்தால் மீன்களுக்கு நடுவே அக்காவின் கால் தெரிந்தது.

3

(எச்சரிக்கை. அக்காதான் கடல் சாமந்தி, வைத்த இடத்தில் நிற்காமல் போகிறவள் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கும் அது பல் டாக்டரின் வரவேற்பறையிலேயே தெரிந்துவிட்டது. அவ்வளவு பொருத்தமாக இருந்ததில் கூச்சமாகவும் இருந்தது. இந்த ஒப்புமையை எடுத்துவிட முயன்றேன். சாமந்தியை எடுத்தால் தொட்டி போகிறது, அக்காவை எடுத்தால் கதை போகிறது. ஆகவே தெரியாதது போல மேலே படியுங்கள். நானும் தெரியாதது போல எழுதுகிறேன்.)

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார், அக்காவை அழைத்துப் போக. வரச் சொன்னதே ஜோடனைதான். ஜன்னல் அழகாக இருந்தால் துணி தானாக விற்கும் என்பது அவன் தொழில் வேதம். கூடம் அழகாக இருந்து, சோபாவில் அத்தானும் பக்கத்தில் அக்காவும் உட்கார்ந்து, எதிரே தொட்டியில் ஒரு பச்சைச் சாமந்தி விரல் விரித்து ஆடி, அதற்குள் கோமாளி மீன்கள் ஜோடியாகப் புரண்டால், எந்தக் கல்லும் கரையாதா?

வண்ணமீன் கடைக்கு அக்காவையும் கூட்டிப் போனான். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர்.

“தொட்டி பழசாயிடுச்சா, தண்ணி நல்லா பழகிடுச்சா? ஆச்சுன்னா தைரியமா வைங்க. கோமாளி பாத்த உடனே உள்ள போய்ப் படுத்துக்கும், நான் கேரண்டி. தண்ணியைச் சுத்த விடுற மோட்டாருக்கு மட்டும் ஸ்பாஞ்ச் உறை போடாம விட்டுடாதீங்க. இது இடம் விட்டு இடம் நடக்கும், சில சமயம் புடிப்பை விட்டு மிதக்கும். மோட்டார்ல மாட்டிச்சுன்னா அரைச்சுத் தள்ளிடும். அதோட விஷம் தண்ணில கலந்து மொத்த தொட்டியும் போயிடும்.” அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எதும்மா புடிச்சிருக்கு?”

“பச்சை” என்றான் ஜோடனை. “அக்காவுக்குப் பச்சைதான் பிடிக்கும்.”

அக்கா அப்போது மூலையில் இருந்த பழுப்பு நிறச் சாமந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை ஜோடனை கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் நான் கதையை நகர்த்த வேண்டிய அவசரத்தில் இருந்தேன்.

4

சாமந்தியைத் தொட்டியில் விடுவது பெண் அழைத்து வருவதைவிடப் பெரிய சடங்கு. பையோடு தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தினான். மெல்லிய குழாய் வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் இறக்கினான். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, முன்பக்கப் பாறையில், சோபாவுக்கு நேர் எதிரே, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி (நடுவில் வைப்பது கற்றுக்குட்டிகளின் வேலை) அதை உட்கார வைத்தான். பாதம் பிடித்துக்கொண்டது. மோட்டாரைப் போட்டான். அழகுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் அது பக்கவாட்டில் இருந்தது. அதற்கடுத்த நாள் பாறையின் முதுகில். வாரக் கடைசியில் முழுக்கப் பின்பக்கம் போய்விட்டது. சோபாவிலிருந்து பார்த்தால் வெறும் பாறை. மெத்தையில் படுத்துப் பார்த்தால் சாமந்தி. கோமாளி மீன்களோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவை மோட்டாரின் கறுப்பு ஸ்பாஞ்ச் உறையை உரசிக்கொண்டு அங்கேயே குடியிருந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.*

* குரங்கு என்றால் குறைவு என்று நான் சொல்லவில்லை. இது பழமொழியின் கருத்து.

5

அத்தானை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவர் குடித்தார், கை ஓங்கினார். வாசகர்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அக்கா அந்தப் பக்கத்தைப் படித்தால், “அவர் அப்படியெல்லாம் கிடையாதுப்பா” என்பாள். பக்கத்தையே அடித்துவிட்டேன்.

அவர் நல்ல மனிதர். சம்பாதிப்பார், சிரிப்பார், மாத்திரை வேளைக்கு எடுத்துக் கொடுப்பார். செய்வது ஒன்றே ஒன்றுதான். அக்காவை யார் எது கேட்டாலும் பதில் அவர் சொல்வார். “எங்கம்மா வலிக்குது?” என்று டாக்டர் கேட்டால், “முதுகுல, டாக்டர்” என்பார். வலித்தது முழங்கால். முதுகுக்கான தைலம் வீட்டில் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது, முழங்கால் தன் வழியில் வலித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அக்கா தனியாகப் பஸ்ஸில் போனபோது பக்கத்து இருக்கைக்காரி, “நீங்க எங்க இறங்கணும்?” என்று கேட்டாள். அக்காவுக்கு வாய் வரவில்லை. இடம் தெரியும், பெயர் தெரியும், நாக்கு மட்டும் யாருக்காகவோ காத்திருந்தது. அக்கா பயந்துபோனாள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அன்று மாலைதான் பெட்டியைக் கட்டினாள்.

இந்த இடத்தில் நான் கிண்டல் செய்யப் போவதில்லை. ஒரு பத்திக்காவது எனக்கும் வெட்கம் உண்டு.

6

ஞாயிறு காலை ஜோடனை கூடத்தை ஒழுங்குபடுத்தினான். மெத்தையை மட்டும் அக்கா எடுக்கவிடவில்லை. சோபாவில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொட்டியைப் பார்த்தான். சாமந்திதான் இல்லை, மற்றதாவது கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தான். தொட்டி ஓரத்தில் அந்தக் கறுப்பு ஸ்பாஞ்ச் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. விருந்தாளி போகும்வரைக்கும்தானே என்று அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டான்.

இந்த வேலையை ஒரு மெக்கானிக் செய்யமாட்டான், ஒரு மீன்காரர் செய்யமாட்டார். அழகு பார்த்தே பழகிய கண் ஒன்றுதான் செய்யும். எழுதும்போது நான் கத்தினேன், அவனுக்குக் கேட்கவில்லை.

அத்தான் வந்தார். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்தார். அக்கா எதிரே, தொட்டியின் பக்கவாட்டில் போட்ட நாற்காலியில்.

“டீ குடிக்கிறியாக்கா?”

“அவளுக்கு வேண்டாம் மச்சான், இப்பத்தான் குடிச்சிருப்பா.”

“ரூம் வசதியா இருக்கா உனக்கு?”

“அவளுக்கு எங்கன்னாலும் தூக்கம் வந்துடும்.”

நானும் முயன்று பார்த்தேன். ‘அக்கா, நீங்கள் திரும்பிப் போக —’ என்று எழுதி முடிக்கவில்லை, அதற்குள் அத்தான், “வர்றா, வர்றா” என்றார். அச்சில் ஏறும்வரைகூடப் பொறுக்காத மனிதர்.

“மச்சான், நடந்ததை விடுங்க. அவ மனசுல ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியாதா? ஏதோ ஒரு அலுப்பு, வந்துட்டா. இப்ப அவளுக்கே —”

அப்போது சாமந்தி பாறையை விட்டது.

சோபாவிலிருந்த யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது, வாரம் முழுவதும் படுத்தபடி அதைப் பார்த்தவள் அவள்தான். பச்சையாக ஒரு பந்து பாறைக்குப் பின்னாலிருந்து மிதந்து மேலே வந்து, மெல்லத் திரும்பி, உறையில்லாத மோட்டாரை நோக்கிப் போனது. அப்புறம்தான் ஜோடனை பார்த்தான். ஸ்பாஞ்ச் குப்பைக்கூடையில் இருக்கிறது என்ற ஒரு நினைப்பு மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

“ஒண்ணும் ஆகாது, அது தானா ஒதுங்கிக்கும்” என்றார் அத்தான். சாமந்திக்காகவும் அவரே பேசினார்.

அக்கா எழுந்தாள், குனிந்தாள், பிளக்கைப் பிடுங்கினாள்.

மோட்டார் நின்றது. இரண்டு மூன்று விரல் நுனிகள் அறுந்து தண்ணீரில் மிதந்தன. மீதிச் சாமந்தி சுருங்கி, தயங்கி, கீழே இறங்கிப் பாறைக்குப் பின்னால் போய் விழுந்தது.

“மெஷின்ல விரல் மாட்டுனா முதல்ல பிளக்கு” என்றாள் அக்கா. “அப்புறந்தான் பேச்சு.”

அத்தான் வந்த பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் இது.

7

ஜோடனை குப்பைக்கூடையைக் கவிழ்த்து ஸ்பாஞ்சைத் தேடியெடுத்தான். நன்றாக அலசி, மோட்டாருக்கு மாட்டினான். கோணலாக, அசிங்கமாக, சோபாவுக்கு நேர் எதிரே. சரிசெய்யக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. கோமாளி மீன்கள் ஓடிவந்து அதை உரசின. அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. காரணம் ஸ்பாஞ்ச் அல்ல. கடையில் பச்சை என்று தான் சொன்னது அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

அத்தான் சோபாவின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, “நீ… வர்றியா?” என்றார்.

கேட்டுவிட்டுப் பழக்கத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“அத்தான், இருங்க” என்றான் ஜோடனை. அவன் வாயும் பாதி திறந்திருந்தது. அதையும் மூடிக்கொண்டான்.

மிச்சம் இருப்பது என் வாய்.

8

என்னிடம் மூன்று முடிவுகள் தயாராக இருக்கின்றன. மூன்றையும் பல்வலியோடு யோசித்தேன். எனவே உழைப்புக்குக் குறைவில்லை.

அ. அக்கா திரும்பிப் போகிறாள். அடுத்த முறை டாக்டர் கேட்கும்போது அத்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறார். (நெஞ்சைத் தொடும். பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளும்.)

ஆ. அக்கா போகவில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்து, எந்த மூலையில் தோன்றுகிறதோ அந்த மூலையில் மெத்தையை விரிக்கிறாள். (நீங்கள் கைதட்டுவீர்கள். நானும் தட்டுவேன்.)

இ. இன்றைக்கு எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போகிறாள். கடைக்காரர், “உங்களுக்கு எதும்மா —”

இல்லை. இதுவும் நான் அவளுக்காகப் பதில் சொல்வதுதான். அத்தான் பேச்சில் செய்வதை நான் எழுத்தில் செய்கிறேன், அவ்வளவே வித்தியாசம்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அக்கா தொட்டிக்குப் பின்னால் போனாள். மெத்தையில் உட்கார்ந்தாள். சாமந்தியின் பாதம் பாறையைப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு பிளக்கைச் செருகினாள். தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் நிமிர்ந்து, பதிலைச் சொன்னாள். நிதானமாக, முழுசாக, தன் வாயால். அத்தானும் ஜோடனையும் எழுந்து பின்பக்கம் போய்க் கேட்டார்கள். நான் இந்தக் கதை முழுவதும் சோபா பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். எனக்கு இரண்டு கண்ணாடிக்கும் ஆடுகிற தண்ணீருக்கும் அப்பால் அவள் உதடு அசைவதுதான் தெரிந்தது.

அவள் சொன்னது உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், தொட்டிக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் தலையை விட்டு அவளிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அத்தானிடம் மட்டும் போய்க் கேட்காதீர்கள். அவர் சொல்லிவிடுவார்.