சுடாமல் வந்த கப்பல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த இணைய விளையாட்டில் ஆறு வருட அனுபவம். பெரிய கடல், அதில் ஆளுக்கொரு கப்பல். சரக்கு ஏற்றித் துறைமுகம் சேர்க்க வேண்டும். ஆனால் கண்ணில் படும் கப்பலைச் சுட்டு மூழ்கடித்து, மிதக்கும் சரக்கை அள்ளிக்கொண்டு போவதுதான் அங்கே பலருக்குப் பிழைப்பு. “நண்பா, சேர்ந்து போலாமா?” என்று கேட்பவன்தான் முதலில் சுடுவான். அப்படிப் பலமுறை ஏமாந்து தேறியவர் இவர். விளையாட்டுக்காரர்களின் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, “யாரையும் நம்பாதீங்க” என்று இவர்தான் வரவேற்புச் சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து வந்து விளையாட உட்கார்ந்தபோது, ‘தூறல்’ என்ற பெயர் தாங்கிய கப்பல் ஒன்று இவருடைய கப்பலின் பின்னாலேயே வந்தது. பீரங்கியை அதன் பக்கம் திருப்பினார். அது நின்றது. இவர் நகர்ந்ததும் அதுவும் நகர்ந்தது. துறைமுகம் வந்ததும் தன் பாட்டுக்குப் போய்விட்டது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

குழுவில் சொன்னார். ‘கரிநாக்கு’ என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் உடனே எழுதினான்: “நீங்க பெரிய சரக்கு ஏத்துற வரைக்கும் காத்திருக்கான். அப்புறம் இருக்கு கச்சேரி.”

முந்திக்கொண்டு சுட்டிருக்கலாம். சுட்டுவிட்டால் விஷயம் தெரியாமலே போய்விடுமே! வேலையிடத்தில் லிஃப்ட்டின் கூரை மேல் நின்று, அது ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும்போதும் இதே யோசனைதான்.

வீட்டில் கூடவே இருக்கும் அக்கா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். “ஏன்டா, பின்னாடி வர்றவன்னா திருடனாத்தான் இருக்கணுமா? வழி தெரியாதவங்களா இருக்கக் கூடாதா?”

“அங்க அப்படியெல்லாம் யாரும் கிடையாதுக்கா.”

காலிக் கப்பலோடு போய்ப் பார்த்தார்; தூறல் வந்தது. சரக்கை வழிய வழிய ஏற்றிக்கொண்டு போனார். அப்போதும் அதே இடைவெளியில் வந்தது, சுடவில்லை. வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, மைக்கைப் போட்டார். “ஹலோ, யாருங்க நீங்க? ஏன் சுடவே மாட்டேங்கறீங்க?”

ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. “சுட முடியாதுங்க. வலது கையில மாவுக்கட்டு. இடது கையால கப்பலை ஓட்டத்தான் முடியுது. நீங்க போற வழியில வம்பு கம்மியா இருந்துச்சு, அதான் ஒட்டிக்கிட்டேன்.”

“கையில என்ன ஆச்சு?”

“நான் மாட்டு டாக்டர். ஊசி போடப் போனேன், பசு உதைச்சிடுச்சு.”

குழுவில் ஒரே சிரிப்பு. கரிநாக்கு மட்டும் விடவில்லை. “அப்போ கை நல்லா இருந்தா சுட்டிருப்பாங்க. அதானே?”

அது மெக்கானிக்கை முள்ளாய் உறுத்தியது. மறுநாள் நேராகவே கேட்டுவிட்டார். “கட்டு பிரிச்சதும் என்னைச் சுடுவீங்களா?”

டாக்டர் சொன்னாள்: “தெரியலையே. லீவுல வீட்ல உட்கார்ந்தப்பத்தான் இதையே ஆரம்பிச்சேன். நான் இன்னும் யாரையுமே சுட்டதில்ல.”

சத்தியம் செய்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். ‘தெரியலை’ என்ற பதில் அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். அன்று மாலை வேடிக்கை பார்க்கக் குழுவிலிருந்து பதினான்கு கப்பல்கள் தள்ளி நின்றன. அக்காவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தூறல் வழக்கம் போல் பின்னால் வந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு குரல் வந்தது. “விரல் எல்லாம் விறைச்சுப் போயிருக்குங்க. அதுக்கு வேலை குடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? உங்க கப்பலைக் குறி வச்சுப் பழகிக்கட்டுமா?”

ஆறு வருடத்தில் அவரைக் கேட்டுவிட்டுச் சுட வந்தவர் யாருமில்லை.

“தாராளமா” என்று நங்கூரத்தை இறக்கினார். சரக்கு இருப்பதே அவருக்கு நினைவில்லை.

முதல் மூன்று குண்டும் தண்ணீரில் விழுந்தன. நான்காவது கப்பலின் பாயைக் கிழித்தது. ஒன்பதாவதில் கப்பல் சாய்ந்து மூழ்கியது.

“ஐயையோ, முங்கிடுச்சே! நான் இப்போ என்ன பண்ணணும்?”

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். “சரக்கை எடுத்துக்கோங்க” என்று அக்காதான் மைக்கில் சொன்னாள்.

“நாளைக்கு நான் நிறுத்தறேன். நீங்க சுடுங்க” என்றாள் டாக்டர்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் அவர்.

“சுட்டாங்களா இல்லையா?” என்று கரிநாக்கு குழுவில் கேட்டான். “கேட்டுட்டுத்தானே சுட்டாங்க” என்று யாரோ பதில் போட, மறுநாள் மதியம் வரை சண்டை நடந்தது. மெக்கானிக் அதில் கலந்துகொள்ளவில்லை. சாப்பாட்டு இடைவேளையில், புதுக் கப்பலுக்கு எந்தப் பாய் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.