அவளிடம் சொல்லாமல் செய்த அப்டேட்

விசைப்படகு சங்கத்தின் டோக்கன் மென்பொருளை ஆன்றோவும் எமில்டாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். அச்சடித்த டோக்கன் கையில் இல்லாமல் எந்தப் படகும் கடலுக்குப் போக முடியாது.

"உள்ள இருக்கிற பேக்கேஜ் எல்லாம் ரொம்பப் பழசாயிட்டுண்ணே. ஞாயித்துக்கிழம யாரும் தொழிலுக்குப் போவ மாட்டாவ. அன்னைக்கு ஒண்ணு ரெண்டா புதுசு ஏத்திருவோமே" என்று எமில்டா பலமுறை கேட்டுவிட்டாள். மென்பொருளுக்குள் சேர்த்திருந்த துணை நிரல்களைத்தான் பேக்கேஜ் என்றாள்.

"நல்லா ஓடுதத எதுக்குத் தொடணும்?" என்று ஆன்றோ தட்டிக்கழித்தபடி இருந்தான். அவன்தான் சீனியர்.

ஒரு புதன்கிழமை, பழைய பேக்கேஜ் ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்தது. ஆன்றோ அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டான். எமில்டாவிடம் சொன்னால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். சாயங்காலம் அவள் கிளம்பும்வரை காத்திருந்து, தானே உட்கார்ந்தான். ஒன்றை ஏற்றப்போக, அதைச் சார்ந்திருந்த மற்ற பேக்கேஜ்களும் வரிசையாகப் புதிய பதிப்பு கேட்டன. வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் ஏற்றினான். திரையில் டோக்கன் சரியாகத் தெரிந்தது. அச்சடித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

விடியற்காலையில் சங்கச் செயலாளர் கிளாட்வின் போன் செய்தார். பிரிண்டர் வெற்றுத்தாளாகத் துப்புகிறதாம். ஐஸ் ஏற்றிய படகுகள் அப்படியே நிற்கின்றனவாம்.

"நேத்து அந்தப் பிள்ள எதையும் தொட்டுச்சா?"

"தெரியலண்ணே. வந்து பாக்கேன்" என்றான் ஆன்றோ. வாயில் அப்படித்தான் வந்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது எமில்டா ஏற்கெனவே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பதிப்பு எண்களைப் பார்த்தாள். அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பழைய பதிப்புக்கே திருப்பினாள். டோக்கன்கள் வரத் தொடங்கின. படகுக்காரர்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். "இனிமே போயி என்னத்தப் பிடிக்க?" என்று படகுக்காரர் ரோச் மட்டும் தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கேயே நின்றிருந்த கிளாட்வின் எமில்டாவிடம் திரும்பினார். "இனி ஆன்றோட்ட கேக்காம எதையும் தொடாதம்மா."

அவள் முகம் சுருங்கிப்போனது.

"தொட்டது நாந்தாண்ணே" என்றான் ஆன்றோ. "ஒரு பேக்கேஜ்ல ஓட்டை இருக்குன்னு எச்சரிக்கை வந்துச்சு. அவளுக்குத் தெரியாமச் செஞ்சேன். போன்லயும் பொய் சொன்னேன்."

ரோச் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார். கிளாட்வின் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர், "தப்பா நெனச்சிட்டேம்மா" என்று எமில்டாவிடம் சொல்லிவிட்டு, ஆன்றோ நின்ற பக்கமே திரும்பாமல் நடந்தார்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். எமில்டா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"படகெல்லாம் போயிட்டு. ஓட்டை உள்ளதயும் அது கேக்குததயும் இப்பம் ஒவ்வொண்ணா ஏத்தி, அச்சடிச்சும் பாத்திருவோம். எந்த பேக்கேஜ்ணே?"

ஆன்றோ உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பெயரைச் சொன்னான்.