நான்கு பயில்வான்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் சுண்டெலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலிக்கூடுகளைக் கழுவி, மரத்தூள் மாற்றி, தண்ணீர் வைப்பது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. காலையில் கதவைத் திறந்ததும், "கடவுளே, இதுங்க வலியைக் கொஞ்சம் குறைச்சு வை" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள்.

பார்கின்சன் என்னும் நடுக்குவாத நோயை ஆராயும் மாணவிக்கு அன்று கம்பச் சோதனை. உடலசைவை ஆளும் மூளைச் செல்களைக் கொல்லும் மருந்தை எலியின் பிடரியில் ஊசியாகப் போட்டிருந்தாள். அந்த எலியை ஒரு முழக் கம்பத்தின் உச்சியில் தலை மேலே பார்க்க வைப்பார்கள். நல்ல எலி சட்டென்று திரும்பி இறங்கிவிடும். செல்கள் செத்த எலி, திரும்பத் தெரியாமல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும்.

முதல் எட்டும் அப்படித்தான் கிடந்தன. ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்த அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனால் கடைசிக் கூட்டின் நான்கும் குடுகுடுவென்று இறங்கி வந்தன.

"ஊசியை வெறும் தண்ணின்னு நெனச்சுட்டானுங்களாக்கா? நாலும் பயில்வானுங்க" என்று மாணவி சிரித்தாள். பிறகு முகம் வாடியது. ஊசி சரியாக ஏறவில்லை என்று எழுதி, நான்கையும் கணக்கிலிருந்து அடித்துவிட வேண்டியதுதான் என்றாள். ஆய்வேட்டை முடிக்க இரண்டே மாதம் இருந்தது.

ஒன்றைக் கூட்டில் விடும்போது அக்கா பழக்கதோஷத்தில் வாலைத் தூக்கிப் பார்த்தாள். பெண். மற்ற மூன்றும் பெண்தான். பெண் என்று அட்டை தொங்கிய பக்கத்துக் கூட்டைத் திறந்தாள். அதில் நான்கு ஆண்கள். மரத்தூள் மாற்றிய நாளில் இரண்டு கூடுகளையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்து, அட்டைகளை மாற்றி மாட்டிவிட்டிருக்கிறாள். மாணவி அட்டையை நம்பி ஊசி போட்டிருக்கிறாள். ஆண் எலிகளை மட்டுமே வைத்துச் செய்கிற ஆய்வு அது.

வாயைத் திறந்தால் பன்னிரண்டு வருடப் பேர் போய்விடும், வேலையும் போகலாம். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நான்கும் ஊசி வலியைத் தாங்கியிருக்கின்றன. பட்ட பாட்டுக்கு ஒரு வரிகூட மிஞ்சாமல் அடித்துவிடுவதா? அதுதான் அவள் நெஞ்சை அழுத்தியது.

"இதுங்க பயில்வானுங்க இல்லம்மா, பொண்ணுங்க. அட்டையை மாத்தி மாட்டினது நான்தான்."

மாணவி இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்கக்கா. உங்க கைதான் இப்ப நடுங்குது."

தலைமை ஆய்வாளர் அம்மா வந்து இரண்டே கேள்வி கேட்டார். தவறைப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொன்னார். பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு தடவை உடம்பின் சுரப்புகள் ஏறி இறங்கும், முடிவுகள் குழம்பும் என்று பயந்து வருடக்கணக்காக ஆண்களையே வைத்துச் செய்துவருவதாகச் சொன்னார். "அந்த நாலையும் கணக்குல இருந்து அடிச்சிடாதே. தனியா வை" என்றார் மாணவியிடம்.

சில வாரங்கள் கழித்து எலிகளின் மூளையை மெல்லிசாகச் சீவியெடுத்த சீவல்கள் தயாரானதும், அக்காவை நுண்ணோக்கிக்கு அழைத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அதில் அவள் கண் வைத்தது அன்றுதான்.

ஆணின் சீவலில் சிறகுபோல ஒரு வெளிறிய பட்டை; சாகாமல் மிஞ்சிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. மாணவி அதை எடுத்துவிட்டுப் பெண்ணின் சீவலை வைத்தாள். அதே சிறகு, ஆனால் கைப்பிடிக் கடுகைக் கொட்டினாற்போலப் புள்ளிகள். அதே மருந்து, அதே அளவு, அதே நாள்.

"இத்தனையையும் யாரும்மா காப்பாத்துனது?"

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்புக்குப் பங்கு இருக்கலாம், முழுதாகத் தெரியாது என்றார் அம்மா. நான்கை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. ஆணும் பெண்ணும் சரிபாதியாக வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

"குட்டிங்களை ஆண் பெண் பிரிக்கிறது நீங்கதான். இப்பவும் உங்க கையைத்தான் நம்புறேன்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். மாணவி எழுந்து நின்று, அந்தப் பெண் எலியின் சீவலை அவளுக்காக மெல்ல மெல்ல நகர்த்திக் காட்டினாள்.