ஊசியின் சத்தம்

மேஜையில் இரண்டு ரைஃபிள்களும் பிரிந்து கிடந்தன. இடது பக்கம் பழைய மாடல், வலது பக்கம் புதியது. பழையதின் கட்டையில் மெழுகு முத்திரை உடைத்த சிவப்புத் துகள்கள் இன்னும் ஒட்டியிருந்தன. ஒன்பது நாள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்ததை அன்று காலையில்தான் விசாரணை அதிகாரி தன் கையாலேயே திறந்து அவள் முன்னால் வைத்தார். மின் நிலையத்தின் காவல் படையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். அந்தப் பழையதால் சுட்டுவிட்டான் என்று உள்ளே வைத்திருப்பது அவளுடைய தம்பியை.

"உங்க தம்பின்னு தெரியும்மா. அதனாலதான் நானும் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க. ட்ரிக்கரைத் தொடாம குண்டு போக வழியிருக்கா இல்லையா, எனக்கு அவ்வளவுதான் வேணும். மூணு மணிக்கு உங்க தம்பி வாக்குமூலத்துல கையெழுத்துப் போடறார்."

நடந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மணி ஷிஃப்ட் மாறும்போது காவலர்கள் முற்றத்தில் மணல் மூட்டைகளைப் பார்த்து வரிசையாக நின்று குண்டுகள் உள்ள மேகசினைப் பொருத்தி, குண்டை ஏற்றிப் பூட்டும் போல்ட்டை இழுத்து விடுவார்கள். ஒன்பது நாளுக்கு முன்பு அப்படி நின்றபோது 'நெட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் காவலரின் தொப்பி காற்றில் பறந்து மூட்டைகளின் மேல் விழுந்தது. எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் ரைஃபிளிலிருந்து குண்டு வெடித்து அவர் மேல் பாய்ந்தது. அன்று காலையில்தான் இருவருக்கும் லீவு விஷயமாக வாய்த்தகராறு. கேண்டீனில் இருபது பேர் கேட்டிருந்தார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

நேற்று லாக்கப் கம்பிக்கு அந்தப்பக்கம் தம்பியைப் பார்த்தாள். தாடி வளர்ந்து முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

"நான்தான் இழுத்திருப்பேன்னு தோணுதுக்கா. அவ்வளவு கோவம் இருந்துச்சு எனக்கு."

"விரல் எங்கடா இருந்துச்சு?"

"ஞாபகம் இல்ல. முதல்ல வெளியிலதான் இருந்துச்சுன்னு சொன்னேன். ஒன்பது நாளா அதையே கேட்டுக் கேட்டு, இப்ப கண்ணை மூடினா விரல் உள்ளதான் தெரியுது." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டுட்டா தூங்க விடுவாங்க இல்லக்கா?"

இப்போது மேஜைக்கு முன்னால் அவள் அதிகாரிக்கு விளக்க ஆரம்பித்தாள். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் நடுங்காது. இரண்டுமே ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான். வெடித்த குண்டின் புகையே அடுத்ததை ஏற்றிக் கொடுக்கும். பழையதில் அந்தப் புகை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். புதியதில் நடுவில் ஆள் கிடையாது. மெல்லிய குழாய் வழியாகப் புகை நேராக உள்ளே வந்து போல்ட்டை உதைக்கும்.

"அதனால புதுசு லேசு சார், குலுங்காது. ஆனா தன் கரியைத் தானே தின்னும். நாலு நாள் துடைக்காம விட்டா அடம் பிடிக்கும். பழசு அப்படியில்ல. மண்ணுல புரட்டி எடுத்தாலும் வேலை செய்யும். என் வீட்டுக்காரர் மாதிரி, எதைப் போட்டாலும் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடும்."

அதிகாரி சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வாய் பழக்கம்.

"போல்ட் பூட்டுற விதமும் வேற. பழசுல பின்பக்கம் கீழ இறங்கிப் பூட்டும். புதுசுல தலை திரும்பிப் பூட்டும். ரெண்டும் உறுதிதான்."

"அதெல்லாம் சரிம்மா. ட்ரிக்கர்?"

"ட்ரிக்கர் இல்ல சார், ஊசி" என்றாள். சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. "குண்டோட பின்பக்கத்தைக் குத்துற ஊசி. புதுசுல அதை ஒரு ஸ்பிரிங் பின்னால பிடிச்சு வச்சிருக்கும். பழசுல ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டுக்குள்ள சும்மா ஆடிட்டு இருக்கும். அது முன்னால சிக்கி நின்னுடுச்சுன்னா, போல்ட் மூடுற வேகத்துலயே குண்டைக் குத்திடும். விரலே வேண்டாம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். கதவு பாதி திறந்திருந்தது. "ஆமா சார், இன்னிக்கே முடிச்சிடறேன் சார்" என்று அவர் சொல்வது கேட்டது.

பழையதின் போல்ட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள். நல்ல நிலையில் இருந்தால் ஊசி உள்ளே கடகடவென்று கிலுகிலுப்பை போல ஆடும். சத்தம் இல்லை. இன்னொரு முறை ஆட்டினாள். திருப்பிப் பார்த்தாள். முகப்பில் ஊசியின் நுனி, கடுகுக்கும் சிறிதாக, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினாள். உள்ளே போகவில்லை. குண்டூசியால் ஓரத்தைச் சுரண்டியபோது பழுப்பாக, காது அழுக்கு மாதிரி ஒன்று வந்தது.

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துரு பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் பூசி அனுப்பும் கிரீஸ். இந்தப் பழைய மாடல் ரைஃபிள்கள் நாற்பது அந்தக் கிரீஸில் முங்கிப் பெட்டியில் வந்தன. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, வெந்நீரில் கொதிக்க வைத்து, ஊசியைத் தனியே எடுத்துத் துடைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், இரண்டு நாளில் நாற்பதும் வேண்டும் என்றார்கள். கடைசி ஏழுக்கு வெந்நீர் வைக்க நேரமில்லை. வெளியே பளபளவென்று துடைத்து, 'முழுச் சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று வீட்டுக்குப் போனவள் கை வலிக்கிறது என்று சொல்ல, தம்பிதான் தைலம் தேய்த்து விட்டான்.

கிரீஸைக் கரைக்கும் தின்னர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாலு சொட்டு விட்டால் போதும். அவர் பேசி முடிப்பதற்குள் ஊசி ஆடத் தொடங்கிவிடும். இந்த ரைஃபிளில் குறையே இல்லை என்றாகிவிடும். அவன் கையெழுத்துப் போடுவான், தூங்குவான். மூடியைத் திறந்துவிட்டாள். வாசனை மூக்கில் ஏறியது. கை அவள் பேச்சைக் கேட்காமல் பாட்டிலைச் சாய்த்தது. ஒரு சொட்டு மேஜையில் விழுந்து பரவியது. அவள் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். மூடியைப் போடக் கை வரவில்லை.

அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். "அப்ப இது பழைய மாடலோட குறைன்னு எழுதிக்கலாமா?"

எழுதிக்கொள்ளலாம்தான். அவனும் தப்பிப்பான், இவளும் தப்பிப்பாள். எங்கேயோ எப்போதோ இந்த மாடலை வரைந்த யாரோ ஒருவன் தலையில் பழி போகும். அவனுக்கு இதனால் ஒரு வேளைச் சோறு குறையப் போவதில்லை. 'ஆமாம் சார்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணும்மா" என்றார் அவர். "இதே மாடல் இன்னும் முப்பத்தொன்பது ஓடிட்டிருக்கே. அதெல்லாம் வெடிக்கலையே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீதி ஆறு. தம்பியின் விரலையே நினைத்துக்கொண்டிருந்ததில் அந்த ஆறும் எங்கே இருக்கின்றன என்று ஒன்பது நாளாக அவள் யோசிக்கவே இல்லை. கிரீஸ் எப்போது இறுகும், எப்போது இளகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு விடும், நாளைக்குப் பிடிக்கும்.

போல்ட்டை அவர் கையில் திணித்தாள். "ஆட்டிப் பாருங்க சார்."

ஆட்டினார். அலமாரியிலிருந்து உதிரி போல்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது கடகடத்தது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டிப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதைத் துடைச்சது யாரு?"

"நான்தான் சார். துடைக்காமலே துடைச்சேன்னு கையெழுத்துப் போட்டேன். இந்த மாதிரி ஏழு. ஆறு இப்ப வெளியில இருக்கு. மணி என்ன சார்?"

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டாக இரண்டு நிமிடம்.

"அவனைக் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க சார்" என்றபடியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பின்னால் அவர் போனை எடுத்து யாரையோ அவசரமாகக் கூப்பிடுவதும், "இல்லைய்யா, அந்தக் காகிதத்தை முதல்ல வாங்கி வை" என்பதும் காதில் விழுந்தன. அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்பது நாள் கோயில் இல்லாத இடத்தில்கூடக் கும்பிட்டிருந்தாள். இப்போது அதை நின்று கேட்க நேரமில்லை.

வராந்தா நீளமாகக் கிடந்தது. செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள். படிகளுக்கு அப்பால் முற்றத்தில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அதன் இரைச்சலில் அவள் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை. முற்றத்தின் இந்தக் கோடியில், புதிதாகச் சேர்ந்த பெண் காவலர் ஒருத்தி மணல் மூட்டைகளின் மேல் ஏறி, கிழிந்த ஒன்றை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே வரிசை நின்றது. மேகசின்கள் பொருத்தியாகிவிட்டன.

"நிறுத்துங்கடா" என்று மறுபடி கத்தினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே சூடேறிய சிமெண்டில் ஓடினாள்.

வரிசையில் கைகள் எல்லாம் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தன. கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் தலையைத் திருப்பி, ஒற்றைச் செருப்போடு ஓடி வரும் அவளைப் புரியாமல் பார்த்தான். அவன் விரல்கள் போல்ட்டின் பிடியை இன்னும் விடவில்லை.