வண்டியை ஓட்டியது யார்

காலை ஏழு மணிக்குக் கார் வாசலில் வந்து நின்றபோது முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. லட்சுமியம்மாள் பதறி ஓடி வந்தார். மகன் யஷ்வந்த் அவர் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டான்.

எட்டு மணிக்குள் சேதி வந்தது. கணபதி பகுதியில், லேத் பட்டறையைத் திறக்கப் போன யூனுஸ் என்பவரை அந்தக் கார் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் அவர் உயிர் போய்விட்டது. கார் நம்பரை யாரோ போலீசுக்குக் கொடுத்திருந்தார்கள்.

லட்சுமியம்மாளின் கணவர் சென்னகிருஷ்ணன் மில் முதலாளி. எதற்கும் அசராதவர். டிரைவர் நஞ்சுண்டனைக் கூப்பிட்டார்.

"ஸ்டேஷன்ல போயி, நீதான் ஓட்டுனேன்னு சொல்லிப்போடு. மத்ததை வக்கீல் பாத்துக்குவாரு."

பதினெட்டு வருடமாக அந்த வீட்டு வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் நஞ்சுண்டன். "சரிங்கய்யா" என்றார். பிறகு லட்சுமியம்மாளிடம் திரும்பினார்.

"எம்பொண்ணு லாஸ்யாகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிப்போடுங்கம்மா. அப்பன் ஆளைக் கொன்னுபோட்டு ஓடுனவன்னு அவ நெனைச்சுக்கக் கூடாதுங்க."

லட்சுமியம்மாள் மகனைத் தேடி மாடி ஏறினார்.

"எத்தனை வேகத்துல வந்தே கண்ணு?"

"நூத்தி இருபது. ஃபோனைப் பாத்துட்டே வந்தேன்." அவன் ஃபோனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். "சைடு கண்ணாடியில பாத்தேம்மா. கீழ கெடந்தவரு கையைத் தூக்குனாரு. நான் நிறுத்தல."

லட்சுமியம்மாள் அவன் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"எந்திரி. எங்கூட வா."

வாசலில் கணவர் மறித்தார். "பெத்த புள்ளையக் காட்டிக் குடுக்கறயா?"

"நஞ்சுண்டனும் புள்ளை பெத்தவருதானுங்க."

ஆட்டோவில் போனார்கள். ஸ்டேஷன் வரும்வரை யஷ்வந்த் அம்மாவின் கையை விடவில்லை.

அன்றிலிருந்து சென்னகிருஷ்ணன் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு அழைப்பதையும் விட்டுவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்துக் கோர்ட் வராந்தாவில் லட்சுமியம்மாள் யூனுஸின் மனைவி சாயிரா பானுவைப் பார்த்தார். கைகூப்பி நின்றார்.

"நீங்கதான் அவனைக் கூட்டிட்டு வந்து ஒப்படைச்சீங்கன்னு சொன்னாங்க" என்றார் சாயிரா பானு. "அரை மணி நேரம் ரோட்டுலயே கெடந்தாருங்க. உங்க பையன் அப்பவே நிறுத்தித் தூக்கியிருந்தா, எங்க ஊட்டுக்காரரு பொழைச்சிருப்பாருங்க."

சாயிரா பானு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"நிக்காதீங்க. உக்காருங்க."

லட்சுமியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேஸைக் கூப்பிடும்வரை இருவரும் அந்த ஒரே பெஞ்சில் இருந்தார்கள்.